பால்காரரின் பதினாறு நாள்

போன ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஒரு கட்டுரை வந்திருந்தது. சின்னதாக ஓர் இணையத்தளம் வைத்திருப்பவர்கள் அதை எப்படிப் பராமரிக்க வேண்டும், எப்படி மேம்படுத்த வேண்டும் என்று அரைப்பக்கத்துக்கு யோசனை சொல்லியிருந்தார்கள். பழையதை உடனே எடுத்துவிடுங்கள், எழுத்து கண்ணுக்குத் தெரியட்டும், விசாரிக்காமல் எதையும் போடாதீர்கள், தவறு வந்தால் அதே இடத்தில் திருத்துங்கள். எழுதியவர் ஏதோ நேற்றுத்தான் இதையெல்லாம் கண்டுபிடித்த மாதிரி எழுதியிருந்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. மெர்டேக்கா, அதுதான் சுதந்திரம், வரப்போகிறது என்று மலாக்காவே பேசிக்கொண்டிருந்த நாட்களில், காஜா பேராங்கில் இதே வேலையை நான் சாக்குக்கட்டியால் செய்தவள்.

காஜா பேராங் சாலையில் ஒரு டீக்கடை இருந்தது. அதன் வெளிச்சுவரில் ஆள் உயரக் கரும்பலகை. கப்பல் எப்போது வருகிறது, எந்த வீட்டில் அறை காலியாக இருக்கிறது, எந்தத் தோட்டத்தில் ஆள் எடுக்கிறார்கள், குடியுரிமைப் பதிவுக்கு எங்கே போக வேண்டும், யார் வீட்டில் கல்யாணம், யார் வீட்டில் சாவு, எல்லாம் அதில்தான் வரும். பத்திரிகை வாங்க வசதியில்லாதவர்கள் அதைப் படித்துவிட்டு அப்படியே உள்ளே போய் ஒரு டீ குடிப்பார்கள். அதற்காகத்தான் கடைக்காரன் அதை வைத்திருந்தான். அவன் என் அப்பாவுக்குப் பழக்கம், நாற்பதைத் தாண்டியவன், மனைவியை இழந்தவன். முன்னால் நின்றால் மாமா என்று கூப்பிடுவேன். இங்கே கடைக்காரன் என்றுதான் எழுதப்போகிறேன், மரியாதை கொடுக்க மனம் வரவில்லை.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் என் கையெழுத்து அழகு என்று பேர் எடுத்திருந்ததால் காலையில் பலகை எழுதும் வேலை என்னிடம் வந்தது. சம்பளம் கிடையாது, ஒரு டீயும் ஒரு வடையும். வேலையை நான் சும்மா செய்யவில்லை. முதலில் காய்ந்த துணி, பிறகு ஈரத்துணி, பிறகு பலகை காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் எழுதினால் எழுத்து ஒட்டிக்கொண்டு பிறகு லேசில் அழியாது. பலகை வெளுத்துப்போனால் கோவை இலையையும் அடுப்புக்கரியையும் அரைத்துப் பூசினேன். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர்கள்தான் பாதிப்பேர், அதனால் நீளமான வாக்கியம் எழுத மாட்டேன். முக்கியமானது எதுவோ அது மேலே, கண் மட்டத்தில். காலாவதியானதை அன்றைக்கே துடைத்துவிடுவேன்.

கடைக்காரனுக்கு இந்தத் துடைப்பது மட்டும் பிடிக்காது. "ஏம்மா, பலகை நெறைஞ்சி இருந்தாத்தான பார்க்க லட்சணமா இருக்கும்? ஏன் சும்மா சும்மா அழிக்கிற?" என்பான். ஆள் வந்துவிட்ட அறையை ஒரு தடவை அழிக்க விடாமல் வைத்திருந்தான். அதை நம்பி ஜாசினிலிருந்து ஒரு குடும்பம் பாய் தலையணையோடு வந்து இறங்கியது. அவர்களுக்கும் நாலு டீ விற்றான்.

அந்தச் சமயத்தில்தான் எதிர் வரிசைச் சீனர் கோப்பிக்கடையில் ரேடியோ வாங்கி வைத்தார்கள். தமிழ்ச் செய்தி வரும் நேரத்துக்கு நம் ஆட்கள் எல்லாரும் சாலையைத் தாண்டிப் போய் அங்கே உட்கார்ந்துவிட்டார்கள். கப்பல் செய்தியும் மெர்டேக்காப் பேச்சும் ரேடியோவிலேயே கிடைத்தன. பலகை பக்கம் எட்டிப் பார்க்க ஆளில்லை. ஆனால் காஜா பேராங்கில் யார் செத்தார்கள் என்று ரேடியோ சொல்லுமா? சொல்லாது. சாவுச் செய்தி வந்த அன்று மட்டும் கடையில் உட்கார இடம் இருக்காது. அதைக் கடைக்காரன் கவனித்துவிட்டான். காலையில் நான் போனதும், "இன்னிக்கு யாராச்சும் போய்ட்டாங்களா?" என்றுதான் கேட்பான். கறிக்கடையில் ஈரல் இருக்கிறதா என்று கேட்பதுபோல் கேட்பான்.

சாவுச் செய்திக்கு எங்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. பலகையில் ஏறிவிட்டால் பதினாறாம் நாள் காரியம் முடிகிற வரை அதை யாரும் தொடக்கூடாது. காரியம் முடிந்ததும் செத்தவரின் வீட்டு ஆண் ஒருவர் வந்து, செம்புத் தண்ணீரை ஊற்றித் தன் கையால் அழிப்பார். இடையில் வேறு யாராவது அழித்தால் அந்தச் சாவு போக இடமில்லாமல் பக்கத்து வீட்டுக்குள் நுழையும் என்று சொல்வார்கள். யார் ஆரம்பித்த வழக்கமோ தெரியாது. மற்றச் செய்திகளை நான் அந்த மூலையைச் சுற்றித்தான் எழுதுவேன்.

இனி பால்காரரைச் சொல்ல வேண்டும். சின்ன வயதில் யாரோ தூரத்துச் சொந்தத்தோடு கப்பலேறி வந்தவர். அந்தச் சொந்தமும் போய்ச் சேர்ந்தாகிவிட்டது. பத்து பெரெண்டாம் என்ற ஊருக்குப் போகிற வழியில் மாட்டுக் கொட்டகை போட்டு, சைக்கிளில் வீடு வீடாகப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். தண்ணீர் கலக்க மாட்டார், அதிர்ந்து பேச மாட்டார். இதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல யாரிடமும் எதுவும் இருக்கவில்லை. நாற்பதை நெருங்கிய பிறகு அவருக்கு ஒரு சம்பந்தம் கூடிவந்தது. ஆயர் குரோ பக்கத்துத் தோட்டத்தில் தாயில்லாத பெண், தம்பி தங்கைகளை வளர்த்தே வயது போனவள். பெண் பார்த்துப் பேசி முடித்தாயிற்று, பரிசம் போட நாளும் குறித்தாயிற்று. கொட்டகைக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு பலகை வீடு எழுப்பி, கதவுக்குப் பச்சைச் சாயம் அடித்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்கென்று ஒரு ஆள் வரப்போகிறாள். பால் ஊற்ற வரும்போது, "தங்கச்சி, அவங்களுக்கு ரவிக்கை தைக்கணும், நீங்கதான் தைக்கணும்" என்று சொல்லிவிட்டு முகம் சிவந்து சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

பரிசத்துக்கு மூன்று வாரம் இருந்தபோது அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கொட்டகையை ஒரு கூலியாள் பார்த்துக்கொண்டான். ஒருநாள் காலையில் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது கடைக்காரன் ஓடிவந்தான். முகத்தில் அவ்வளவு வெளிச்சம்.

"பால்காரன் போய்ட்டானாம்! எழுதும்மா, பெருசா எழுது!"

"யார் சொன்னா, மாமா?"

"மூட்டை தூக்குறவன் ஒருத்தன் தன் மச்சான பார்க்கப் போயிருக்கான். பால்காரன் கட்டில் காலியா இருக்கு, பாயெல்லாம் சுருட்டி வச்சிருக்காம். அப்புறம் என்ன?"

"வேற வார்டுக்கு மாத்தியிருப்பாங்க. கேட்டுட்டு வரட்டும், அப்புறம் எழுதுறேன்."

"நீ கேட்டுட்டு வர்றதுக்குள்ள ஊருக்கே தெரிஞ்சிடும். அப்புறம் பலகை எதுக்கு?"

நான் சாக்குக்கட்டியைக் கீழே வைத்துவிட்டேன். என் கையால் முடியாது என்றேன். அவன் என்னை ஒதுக்கித் தள்ளிவிட்டுத் தானே எழுதினான், கோணல் மாணலாக. பேர், தொழில், இறைவனடி சேர்ந்தார். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லை. ரேடியோக் கடை வெறிச்சோடிக் கிடந்தது. ஐயோ பாவம், கல்யாண யோகம் இல்லாத ஜென்மம் என்று உச்சுக்கொட்டிக்கொண்டே வடையைப் பிட்டுப் போட்டுக்கொண்டார்கள்.

இரண்டு நாள் கழித்துப் பால்காரர் திரிஷா என்ற மூன்று சக்கரச் சைக்கிள் வண்டியில் வந்து இறங்கினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது, கண் மட்டும் பெரிதாக இருந்தது. உண்மையாகவே வேறு வார்டுக்குத்தான் மாற்றியிருந்தார்கள். அவரைப் பார்த்ததும் பெஞ்சியில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். அவர் எழுத்துக்கூட்டித் தன் பேரைப் படித்தார். பிறகு கடைக்காரனைப் பார்த்து, கோபம்கூட இல்லாமல், "அண்ணே, இத அழிச்சிடுங்க. பொண்ணு வீட்டுக்காரங்க பரிசத்துக்கு வருவாங்க, பார்த்தா நல்லா இருக்காது" என்றார்.

அந்த இடத்தில் கடைக்காரன் ஒரு துணியை எடுத்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். தப்பு நடந்துபோச்சு என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் நாளைக்கு அவன் பலகையை எவன் நம்புவான்? அதனால் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டான்.

"அழிக்கிறது நம்ம கையில இல்லப்பா. பதினாறு நாள் இருக்கணும். வீட்டு ஆம்பிள வந்து அழிக்கணும். உனக்குத் தெரியாததா?"

"நான் உசுரோட நிக்கிறேனேண்ணே."

"நீ நிக்கிற, சரி. எழுத்து ஏறிடுச்சே. நடுவுல அழிச்சி, இங்க யார் வீட்லயாச்சும் ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சின்னா நீ பதில் சொல்வியா?"

கூட்டத்தில் ஒருவராவது வாயைத் திறப்பார்கள் என்று பார்த்தேன். ஒரு பெரிய மனிதர் மட்டும் மிகவும் கனிவாக, "பதினாறு நாள்தானேப்பா, பொறுத்துக்க லா" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஆளின் டீயை அவர் தலையிலேயே ஊற்றியிருப்பேன்.

மறுநாள் விடிவதற்குள் நானே போய் அழித்தேன். காய்ந்த துணி, ஈரத்துணி, ஒரு புள்ளி மிச்சமில்லாமல். அழித்தால் மட்டும் போதாது, முன்னே சொன்னது தவறு என்று அதே இடத்தில் சொல்ல வேண்டும் என்று எனக்கு யாரும் கற்றுக்கொடுக்கத் தேவையிருக்கவில்லை. "பால்காரர் நலமாக இருக்கிறார், வழக்கம்போல் பால் ஊற்றுகிறார்" என்று கண் மட்டத்தில், பெரிதாக, அழகாக எழுதினேன். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். "கல்யாணமாகாத பொண்ணு சாவு எழுத்த தொட்டியா? உன்ன எவன்டி கட்டுவான்?"

அன்றைக்கு மத்தியானம் பின்வரிசையில் ஒரு குழந்தைக்குக் காய்ச்சல். குழந்தை என்றால் காய்ச்சல் வரும். ஆனால் ஆறு மணிக்குள் எங்கள் வீட்டு வாசலில் கூட்டம். குழந்தையின் தாய் என் முந்தானையைப் பிடித்து உலுக்கினாள். "அந்த ஆளுக்கு வந்தத என் புள்ள மேல திருப்பி வுட்டுட்டியே, பாவி!" அப்பா கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். எல்லாருமாகப் போய், நான் எழுதியதை அழித்துவிட்டு, செத்த செய்தியை மறுபடி எழுதவைத்தார்கள். கடைக்காரன் எழுதினான். பால்காரரையும் கூட்டிவந்து நிறுத்தியிருந்தார்கள், பிறகு வந்து ஏதும் தகராறு செய்யக்கூடாதாம். உயிரோடு ஒரு மனிதன் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அவன் செத்துப்போனான் என்று எழுதி, சரியாக இருக்கிறதா என்று தள்ளி நின்று பார்த்தார்கள். குழந்தைக்கு மறுநாள் காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. பார்த்தாயா என்றார்கள்.

அன்றோடு பலகை வேலையை விட்டுவிட்டேன்.

அவருடைய பாலை அதன்பின் யாரும் வாங்கவில்லை. செத்தவன் கறந்த பாலைக் குழந்தைக்குக் கொடுக்க முடியுமா என்று டின் பாலுக்கு மாறினார்கள். மணியடித்துக்கொண்டு சைக்கிள் வரும்போதே கதவைச் சாத்தினார்கள். பக்கத்து மலாக்காச் செட்டி வீட்டு அம்மா ஒருவர் மட்டும், தலைமுறைகளாக மலாய் பேசுகிற குடும்பம், தமிழ் படிக்கத் தெரியாதவர், என்ன கலாட்டா என்று என்னிடம் மலாயில் கேட்டார். சொன்னேன். "ஓராங் மாத்தி ஜுவால் சூசு?" என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். செத்த ஆள் பால் விற்கிறாரா என்ற அந்தக் கேள்வி ஒன்றுதான் அந்த நாட்களில் நான் கேட்ட நியாயமான பேச்சு. ஆனால் அவர்கள் வீட்டில் தேங்காய்ப் பால்தான் புழங்கும், மாட்டுப் பால் வாங்குவதில்லை.

பரிச நாள் அந்தப் பதினாறுக்குள் வந்தது. பால்காரர் பயந்துபோய் தோட்டத்துக்குப் பஸ் ஏறினார். உடம்பு தேறவில்லை, ஒரு வாரம் தள்ளிப்போடலாம் என்று பெண்ணின் அப்பாவிடம் கேட்டுக்கொண்டு திரும்பினார். கேட்டிருக்கவே கூடாது. எதற்காகத் தள்ளச் சொல்கிறான் என்று அந்த மனிதருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரிப்பதற்காக மறுநாளே காஜா பேராங் வந்தார். புதிதாக வருகிறவர்கள் முதலில் எங்கே போய் நிற்பார்கள்? பலகை முன்னால்தான்.

கடைக்காரன் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, கெட்டிப்பால் தூக்கலாகப் போட்டு டீ கொடுத்தான். நடந்ததை நடந்தபடியே சொன்னான், அதுதான் கொடுமை. ஆள் சாகவில்லை, எழுத்துதான் ஏறிவிட்டது, நம் ஆட்கள் இப்படி, என்ன செய்வது. பெண்ணின் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டு, "செத்தவன்னு எழுத்து ஏறினவனுக்குக் குடுத்தா எம்மவ தாலி நிக்குமா?" என்று கேட்டாராம். கடைக்காரன் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. கடையைச் சுற்றிக் காட்டினான். மேல்மாடியைக் காட்டினான். தனக்கும் வீட்டில் ஆளில்லாத சூசாவை, கஷ்டத்தை, எடுத்துச் சொன்னான். இதையெல்லாம் அடுப்படியில் நின்று கேட்ட வடை சுடுகிற அம்மாள்தான் எங்கள் வீட்டில் வந்து சொன்னாள். ஆரம்பத்திலேயே திட்டம் போட்டு எழுதினானா என்றால் இல்லை, அந்த அளவுக்கு அவனுக்குப் புத்தி கிடையாது. கூட்டத்துக்காக எழுதினான், பிறகு கைக்கு எட்டியதை எடுத்துக்கொண்டான்.

பதினாறாம் நாள் வந்தது. அழிக்க வீட்டு ஆண் வேண்டும், அவருக்கோ சொந்தமென்று ஒரு ஆள்கூட இல்லை. அவரையே அழிக்கச் சொன்னார்கள். குளித்துவிட்டு, ஈர வேட்டியோடு வந்து, செம்புத் தண்ணீரைத் தன் பேர் மேல் ஊற்றிக் கையால் தேய்த்தார். நல்லபடியாக முடிந்தது என்று எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். சாலை ஓரமாக நின்று நான் அழுதேன். அதற்கு அடுத்த வாரம் அதே பலகையில் கடைக்காரனுக்கும் அந்த ஆயர் குரோ பெண்ணுக்கும் கல்யாணம் என்ற செய்தி ஏறியது, அவனுடைய அதே கோணல் எழுத்தில்.

எழுத்து அழிந்த பிறகும் பால் வாங்க யாரும் திரும்பவில்லை, டின் பாலுக்குப் பழகிவிட்டார்கள். கடைக்காரன் மட்டும் பாதி விலைக்கு வாங்கிக்கொண்டான்.

கல்யாணத்துக்கு நான் போவதாக இல்லை. அம்மா இழுத்துக்கொண்டு போனாள். பெண்ணுக்கு ரவிக்கை தைத்தவள் நான்தான், கடைசி நேரத்தில் கை பிடித்தால் பிரித்துத் தைக்க ஆள் வேண்டும். டீக்கடைப் பின்கட்டில் பாயசத்துக்கு அண்டா ஏறியிருந்தது. அதில் பால் ஊற்றிக்கொண்டிருந்தவர் நம் பால்காரர்தான், நேராக அவர் முன்னால் போய் நின்றேன்.

"வெக்கமா இல்லியாண்ணே உங்களுக்கு? இவன் கல்யாணத்துக்கா பால் ஊத்துறீங்க?"

"வேற யாரு வாங்குறா தங்கச்சி என்கிட்ட?" என்றார். கொட்டகையையும் மாட்டையும் பேசி முடித்துவிட்டாராம், மறுநாள் ஜொகூர் பக்கம் போகிறாராம். பிறகு ஓரமாக மூடி வைத்திருந்த ஒரு குவளையை எடுத்து என்னிடம் நீட்டினார். "இது தனியா காய்ச்சினது. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டாங்க. நீங்களே குடுத்துடுங்க."

மணப்பெண் மாடியில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ரவிக்கை சரியாகத்தான் இருந்தது. பாலை இரண்டு கையாலும் வாங்கி, பசியோடு, ஒரே மூச்சில் குடித்தாள். யார் கொடுத்தது என்று கேட்டாள். பால்காரர் ஒருவர் என்றேன். அவள் குவளையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு மொதல்ல பேசியிருந்தவரும் பால்காரருதான். தெரியுங்களா? காய்ச்சல்ல போய்ட்டாராம், அப்பா வந்து சொன்னாங்க. பலகையில எழுதிப் போட்டிருந்துச்சாம்." கீழே யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "பதினாறாம் நாளு யாருக்கும் தெரியாம ஒரு வெளக்கு ஏத்தி வச்சேன். அவருக்குன்னு யாரும் இல்லன்னாங்க. தப்பாங்க?"

அவர் கீழேதான் நிற்கிறார் என்று சொல்ல என் வாய் திறந்தது. மேளக்காரர்கள் தட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்கள். அவளுடைய அப்பன் மாடிப்படியில் யாரையோ அதட்டிக்கொண்டு ஏறிவந்தான். சொன்னால் இவள் என்ன செய்வாள்? எழுந்து எங்கே ஓடுவாள்? "தப்பே இல்ல" என்றேன். குவளையை வாங்கிக்கொண்டு படி இறங்கினேன்.

அவர் அண்டா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"குடிச்சாங்களா?"

"ஒரு சொட்டு வைக்கல."

"யாரு குடுத்ததுன்னு கேட்டாங்களா?"

"கேட்டாங்க. உங்க பேர நான் சொல்லலண்ணே."

குவளையை வாங்கிக் கவிழ்த்து உதறினார்.

"நல்லதாப் போச்சு தங்கச்சி. செத்தவன் பேர நல்ல நாள்ல சொல்லக்கூடாது."